செயலி வாங்கியாச்சு, சாரத்தை யார் பார்ப்பது?

வாசகர் கேள்வி: ஐயா, பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு சைட்டில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். 2 பிளாக், 14 மாடி, ஆள்பலம் 300 வரை போகும். பாதி பேர் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்துக்காரர்கள். இதுவரை பேப்பரில்தான் செக்லிஸ்ட் ஓடியது. இப்போது எல்லாவற்றையும் போனுக்கு மாற்றச் சொல்லிவிட்டார் பி.எம். (புராஜெக்ட் மேனேஜர்). தலைமை அலுவலகத்திலிருந்து 180 கேள்விகளோடு ஓர் ஆங்கிலப் படிவம் வந்தது. போன மாதம் எல்லா வாரமும் 95 சதவீதத்துக்குக் குறையாமல் மதிப்பெண் வந்தது. ஆனால் நான் நடந்து பார்த்தால் சைட் அப்படி இல்லை. எந்தச் செயலி நல்லது? பேப்பரை விட்டுவிடலாமா? அரசு ஆய்வாளர் வந்தால் போனைக் காட்டினால் போதுமா? – சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

எந்தச் செயலி என்பதை அப்புறம் பார்ப்போம். எனக்கு உறுத்துவது அந்த 95 சதவீதம்தான். 180 கேள்வியில் 171-க்கு 'ஆம்' என்று வந்தால் 95. மீதி ஒன்பதில் ஒன்று, முதலுதவிப் பெட்டியில் பஞ்சு தீர்ந்திருக்கிறது. இன்னொன்று, ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் டக்ட்டுக்கு, அதாவது லிஃப்ட் வரப்போகும் குழிக்கு, தடுப்பே இல்லை. செயலியின் கணக்கில் இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு மார்க். பி.எம். பார்க்கும் திரையில் பச்சை நிறத்தில் 95 என்று மின்னும், அவரும் நிம்மதியாக டீ குடிக்கப் போவார். ஆகவே முதல் வேலையாக அந்த மொத்த மதிப்பெண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை எடுக்க முடியாத செயலி என்றால், உயிர் போகும் கேள்விகளைத் தனியாகப் பிரித்து, அவற்றில் ஒன்று தவறினாலும் அந்த ஆய்வு முழுவதும் 'தோல்வி' என்று விழும்படி அமையுங்கள். பெரும்பாலான செயலிகளில் இதற்கு வழி உண்டு.

உயிர் போகும் கேள்விகள் என்று நான் சொல்வது அதிகம் இல்லை. உயரத்திலிருந்து விழுவது, மேலிருந்து பொருள் விழுவது, மண் சரிவது, மின்சாரம், கிரேனும் தூக்குதலும், சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகையும் முட்டும்) சரிவது. உங்கள் சைட்டில் ஒருவர் செத்தால் பெரும்பாலும் இந்த ஆறில் ஒன்றால்தான் சாவார். 180 கேள்வியில் இவற்றைப் பற்றியவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தலைமை அலுவலகப் படிவங்களில் ஹெல்மெட்டும் போஸ்டரும் ஹவுஸ்கீப்பிங்கும் நிறைய இடம் பிடித்திருக்கும். சென்ட்ரிங்கைத் தாங்கும் ஸ்பான், ஜாக்கிக்கு அடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது.

அடுத்து, உங்கள் சூப்பர்வைசர்கள் எப்படி டிக் அடிக்கிறார்கள் என்று பாருங்கள். இது பேப்பரில் கண்டுபிடிக்க முடியாதது, டிஜிட்டலில் சுலபம். ஆய்வு தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் செயலியில் பதிவாகும். 180 கேள்வியை ஒருவர் 7 நிமிடத்தில் முடித்திருந்தால், அவர் சைட் ஆபீஸில் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்து முடித்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள். கான்கிரீட் போடும் நாளில் 180 கேள்வியைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார். படிவத்தைத் துண்டு துண்டாக உடையுங்கள். சாரத்துக்கு (உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் தற்காலிக மேடை) ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, தோண்டும் வேலைக்கு ஒன்று, தூக்கும் கருவிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 12 முதல் 15 கேள்வி. அந்தந்த வேலை நடக்கும் நாளில் அதற்குரியதை மட்டும் நிரப்பினால் போதும்.

கேள்வி எழுதும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பணம் கொடுத்து வாங்கும் செயலியில் இது கிடைக்காது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

"எல்லாத் திறப்புகளும் மூடப்பட்டுள்ளனவா? ஆம் / இல்லை" என்று ஒரு கேள்வி உங்கள் படிவத்தில் கட்டாயம் இருக்கும். 2 பிளாக்கில் 14 மாடியிலும் தளத்தில் விட்ட எத்தனை கட்-அவுட், பைப் போகும் எத்தனை டக்ட் என்று கேள்வியை எழுதியவருக்கும் தெரியாது, டிக் அடிப்பவருக்கும் தெரியாது. அதை இப்படி மாற்றுங்கள்: "பி பிளாக், 9-வது மாடி, பிளம்பிங் டக்ட்: மேலே போட்ட பிளைவுட் ஆணியடித்து இருக்கிறதா, சும்மா வைத்திருக்கிறதா? காலால் தள்ளிப் பாருங்கள். போட்டோ." பிளைவுட்டைச் சும்மா போட்டு மூடிய திறப்பு, திறந்துகிடக்கும் திறப்பைவிட மோசம். திறந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். மூடியிருந்தால், பலகை கிடக்கிறதே, எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முன்னால் ஓரடி வைப்பார். அவ்வளவுதான். அந்தப் பலகையின் மேல் சிவப்பு பெயிண்டில் 'கீழே குழி' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதியிருக்கிறதா என்பதையும் அதே கேள்வியோடு சேர்த்துவிடுங்கள்.

மின்சாரத்திலும் இப்படித்தான். "டி.பி.யில் (மின்சாரம் பிரியும் பெட்டி) ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) உள்ளதா?" என்று கேட்டால், பெட்டி இருக்கும் வரை பதில் 'ஆம்'. "டெஸ்ட் பட்டனை அழுத்தினீர்களா? ட்ரிப் ஆனதா?" என்று கேட்டால் ஒருவர் டி.பி. வரைக்கும் நடந்து போய், கதவைத் திறந்து, கையை வைத்தாக வேண்டும். அப்போதுதான் உள்ளே ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றியிருப்பதும், பிளக் இல்லாமல் வயரை நேராகச் செருகிக் குச்சி வைத்திருப்பதும் கண்ணில் படும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: டெஸ்ட் பட்டன் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் காட்டும். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும். கையில் பிடிக்கும் கட்டிங் மெஷின், டிரில்லிங் மெஷினுக்கெல்லாம் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணையும் போட்டோவில் கேளுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே இந்தப் படிவத்தை ஒருமுறை சைட் முழுக்க ஓட்டிவிடுவது நல்லது.

கேள்விகள் தமிழிலும் இந்தியிலும் இருக்கட்டும். ஆங்கிலம் தலைமை அலுவலகத்துக்கு. நிரப்புபவர் மேஸ்திரியோ ஃபோர்மேனோ என்றால், அவருக்குத் தெரிந்த சொல்லில் எழுதுங்கள். 'சாரம்' என்றால் அவருக்குப் புரியும். 'சாரக்கட்டமைப்பு' என்றால் எதையோ கேட்கிறார்கள் என்று 'ஆம்' போட்டுவிடுவார்.

போட்டோ பற்றி எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது, போட்டோவில் ஜி.பி.எஸ். முத்திரை இருந்தால் ஏமாற்ற முடியாது என்று. ஜி.பி.எஸ். நீங்கள் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்று ஓரளவு சொல்லும். மூன்றாவது மாடியா, ஒன்பதாவது மாடியா என்பதை அதை நம்பி முடிவு செய்ய முடியாது. பேஸ்மெண்டில் சிக்னலே கிடைக்காது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோவில், படத்துக்குள் பதிந்திருந்த நேரமும் இடமும் கழன்றுபோய்விடும். க்யூ.ஆர். ஸ்டிக்கர் ஒட்டி ஒவ்வொரு இடத்திலும் ஸ்கேன் பண்ணச் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நம் ஆட்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. எல்லா ஸ்டிக்கரையும் ஒருமுறை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ஆபீஸில் இருந்தே இன்னொரு போனைப் பிடித்து ஸ்கேன் பண்ணுவார்கள். நான் ஆய்வுக்குப் போன ஒரு சைட்டில் மூன்று மாதத்து அறிக்கையிலும் ஒரே பலகை, ஒரே நிழல், ஓரத்தில் அதே நீல வாளி.

இதற்குத் தொழில்நுட்பத்தில் விடை தேடாதீர்கள். டக்ட், லேண்டிங், டி.பி. என்று ஒவ்வோர் இடத்துக்கும் பெயிண்டில் ஓர் எண் போடுங்கள், போட்டோவில் அந்த எண் தெரிய வேண்டும். கேலரியிலிருந்து படம் ஏற்றுவதை நிறுத்தி, கேமராவில் அப்போதே எடுத்தால்தான் ஏறும் என்று செயலியில் வைக்க முடிந்தால் வையுங்கள். அப்புறம் வாரம் ஒருநாள், 'சரி' என்று வந்த பதிவுகளில் ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, பதிவு செய்தவரையே கூட அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். இதை விடாமல் செய்தால், ஆபீஸில் உட்கார்ந்து டிக் அடிப்பது பெரும்பாலும் தானாக நின்றுவிடும். நீங்கள் வருவீர்கள் என்று தெரிந்தால் போதும்.

குறை கண்டுபிடிப்பது பாதி வேலைகூட இல்லை. அதைச் சரிசெய்ய வைப்பதுதான் வேலை, டிஜிட்டல் கருவியின் உண்மையான லாபமும் அங்கேதான். பேப்பரில் எழுதிய குறை கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். செயலியில் அது யார் பெயரில், எந்தத் தேதிக்குள், இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இதில் மூன்று விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்.

குறையைச் சரிசெய்யும் அதிகாரமும் பணமும் உள்ளவர் பெயரில் போடுங்கள். பக்கத் தடுப்புக்குப் பைப் வாங்க வேண்டும் என்றால் அது சாரம் கட்டும் காண்டிராக்டரின் மேஸ்திரி பெயரில் இருந்து பயனில்லை. பர்ச்சேஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரில் இருக்க வேண்டும், அது பி.எம்.மாகவே இருந்தாலும். சரிசெய்தவரே 'முடிந்தது' என்று மூடக் கூடாது. இன்னொருவர் பார்த்து மூட வேண்டும். மூன்றாவது, உடனே வேலையை நிறுத்த வேண்டிய குறையைச் செயலியில் ஏற்றிவிட்டு நகராதீர்கள். ஷோரிங் (மண் சரியாமல் பக்கங்களுக்குக் கொடுக்கும் முட்டு) இல்லாத ஆழமான பள்ளத்துக்குள் ஆள் நிற்கிறார் என்றால் முதலில் ஆளை மேலே ஏற்றுங்கள், பதிவை அப்புறம் போடலாம். சொல்லவே தேவையில்லாத விஷயம் போலத் தோன்றும். ஆனால் 'நான் அப்போதே ஆப்பில் போட்டுவிட்டேனே' என்பது இப்போது சைட்டுகளில் ஒரு பதிலாகவே ஆகிவிட்டது.

பி.எம்.முக்கு மதிப்பெண்ணுக்குப் பதில் என்ன காட்டுவது? கெடு தாண்டியும் திறந்துகிடக்கும் உயிர் ஆபத்துக் குறைகள் எத்தனை, யார் பெயரில், எத்தனை நாளாக. வாராந்திரக் கூட்டத்தில் இந்த ஒரு பட்டியல் போதும். இரண்டு மூன்று மாதப் பதிவு சேர்ந்ததும், ஒரே குறை எந்தக் காண்டிராக்டரிடம், எந்த மாடியில், எந்த வேலைக்கட்டத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். டீஷட்டரிங் (சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பது) நடக்கும் மாடிகளிலேயே பக்கத் தடுப்பு காணாமல் போகிறது என்று தெரிந்தால், அங்கே ஹெல்மெட் வகுப்பு எடுத்துப் புண்ணியமில்லை. பலகை இறக்குவதற்காகத் தடுப்பைக் கழற்றுகிறார்கள், திரும்ப மாட்டும் வேலை யாருடைய ஆர்டரிலும் இல்லை. அதைக் காண்டிராக்டில் எழுத வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் வாரமும் செய்வது ஆய்வு. தணிக்கை வேறு. ஐ.எஸ். 14489 என்ற இந்தியத் தர விதி சொல்லும் பாதுகாப்புத் தணிக்கை, நிர்வாகத்தின் முறையையே கேள்வி கேட்பது: பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா, பயிற்சி நடக்கிறதா, ஆபத்தான வேலைக்கு முன் அனுமதிச் சீட்டு வாங்கும் பர்மிட் முறை ஓடுகிறதா, விபத்துகளை விசாரிக்கிறார்களா, விசாரித்ததில் கற்றதை மாற்றுகிறார்களா. உங்கள் செயலியில் சேரும் தினசரிப் பதிவு அந்தத் தணிக்கைக்குச் சான்று, தணிக்கையே அது அல்ல. வெளியிலிருந்து வரும் தணிக்கையாளர் விவரம் தெரிந்தவராக இருந்தால் உங்கள் செயலி காட்டும் கிராஃபுகளைப் பார்க்க மாட்டார். மூடப்பட்ட பத்துக் குறைகளை எடுத்து, 'வாங்க, போய்ப் பார்ப்போம்' என்பார்.

எந்தச் செக்லிஸ்டும் பார்க்காத ஆபத்துகளும் உண்டு. சென்னைக்காரர்களுக்கு மௌலிவாக்கம் மறந்திருக்காது. 2014 ஜூன் 28 அன்று மழையில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அதில் பலர். அன்று காலையில் அங்கே எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தாலும், எல்லாத் திறப்பும் மூடியிருந்தாலும் அந்த மாலை மாறியிருக்காது. கட்டடமே ஆளைத் தாங்குமா என்பது மண் ஆய்வு, ஸ்ட்ரக்சுரல் வரைபடம், கான்கிரீட் சோதனை ஆகியவற்றில் இருக்கிறது. ஆகவே உங்கள் படிவத்தில் சில கேள்விகள் ஆவணத்தைக் கேட்பவையாக இருக்கட்டும்: இந்த ஸ்லாப்பின் சென்ட்ரிங் வரைபடத்தில் யார் கையெழுத்து? கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் கியூப் டெஸ்ட் முடிவு வந்த பிறகுதான் ஸ்பானைப் பிரித்தார்களா? டவர் கிரேனுக்குத் தகுதிபெற்ற நபரின் சான்றிதழ் எந்தத் தேதி வரை? இவற்றுக்குப் பதில் 'ஆம்' என்று வந்தால் ஏற்காதீர்கள். ஆவணத்தின் போட்டோ வேண்டும்.

சரி, எந்தச் செயலி? முதலில் ஐ-ஆடிட்டர் என்று இருந்து இப்போது சேஃப்டிகல்ச்சர் என்று பெயர் மாறிய செயலி இந்த வேலைக்கென்றே வந்தது. இணையம் இல்லாமலும் பதிவு செய்யலாம், குறையை ஒருவர் பெயரில் ஒதுக்கலாம். கோபோ டூல்பாக்ஸ் பேரிடர் நிவாரணக் கணக்கெடுப்புக்காக உருவானது. ஆண்ட்ராய்டு போனில் இணைப்பு இல்லாமல் ஓடும், ஒரே படிவத்தைப் பல மொழியில் வைக்கலாம். ஆனால் குறையைத் துரத்தும் வேலையை நீங்கள்தான் தனித்தாளில் செய்ய வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸும் ஷீட்ஸும் தொடங்கிப் பார்க்கப் போதும். பேஸ்மெண்டில் நெட் இல்லையென்றால் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் அளவு சைட்டுக்கு நான் சொல்வது: கேள்விகளை முதலில் சரிசெய்யுங்கள், ஒரு பிளாக்கில் மட்டும் ஒரு மாதம் கைவசம் உள்ளதை வைத்து ஓட்டுங்கள், அதற்கப்புறம் பணம் செலவு செய்யலாம். டிரோன், ஏ.ஐ. கேமரா என்று விற்க வருபவர்களை அதுவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

பேப்பரை முழுவதும் விட முடியாது. அதற்குக் காரணம் சட்டம் அல்ல. சாரத்தில் ஏறப்போகும் கொத்தனாரிடம் உங்கள் செயலி இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது அவர் ஏறும் இடத்தில் தொங்க வேண்டும். சாரத்துக்குப் பச்சை (ஏறலாம்), சிவப்பு (ஏறக் கூடாது) டேக். கடைசியாகப் பார்த்த தேதி. யார் பார்த்தார்கள் என்ற பெயர். வெல்டிங் பர்மிட்டும் அப்படித்தான், வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். போனில் 'ரெட் டேக்' போட்டுவிட்டுச் சாரத்தில் பச்சை டேக்கைத் தொங்கவிட்டிருந்தால் அந்தச் செயலி இருப்பதே ஆபத்து.

ஆய்வாளர் விஷயம். மின்னணுப் பதிவுக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. 2020-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பதிவேடுகளை மின்னணு முறையில் பராமரிக்க இடம் தருகிறது. அதே தொகுப்பில், கட்டுமானத்தில் 250 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் 300 அதற்குள் வருகிறது, பி.எம்.மிடம் பேசும்போது உதவும். ஆனால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலிருந்து ஒருவர் வந்து நிற்கும்போது, 'சர்வர் டவுன் சார்' என்று சொல்லும் நிலையில் இருக்காதீர்கள். சட்டப்படியான பதிவேடுகளையும், கிரேன், ஹாயிஸ்ட் சான்றிதழ்களையும் அச்சடித்துக் கோப்பில் வையுங்கள். தினசரி ஆய்வுகளை மாதக் கடைசியில் பி.டி.எஃப். எடுத்து நிறுவனத்தின் சொந்தக் கணினியில் சேமியுங்கள். ஏதாவது நடந்து வழக்கு என்று போனால், மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்க பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். யார் எப்போது பதிவு செய்தார், பிறகு யார் திருத்தினார் என்ற வரலாறு செயலியில் அழியாமல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கூகுள் ஷீட்டில் எல்லோருக்கும் எடிட் கொடுத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

தொழிலாளிகளைப் போட்டோ எடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பாதுகாப்பு பெல்ட் போடாத ஒருவரைப் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே பத்துப் பேர் 'ஃபைன் போடுங்க' என்று எழுதுவதைப் பாதுகாப்பு வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் பெல்ட்டை எதில் மாட்டுவார்? பெல்ட்டின் கொக்கியை மாட்டும் லைஃப் லைன் கயிறு இருந்ததா? அதைப் படம் எடுங்கள். முகம் விழாமல் இடத்தை எடுங்கள், முடியாவிட்டால் முகத்தை மறைத்து ஏற்றுங்கள். போன் எடுத்தாலே கூலி பிடிப்பார்கள் என்று ஒருமுறை பரவிவிட்டால், உங்களைக் கண்டதும் கீழ் மாடியிலிருந்து மேல் மாடிக்கு விசில் போகும். அப்புறம் நீங்கள் பார்ப்பது உங்களுக்காக வைத்த சைட். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது, ஆதார் எண்ணையும் கைரேகையையும் இந்தச் செயலிக்குள் கொண்டுவர வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

நீங்களும் போனைப் பார்த்தபடி நடக்காதீர்கள். நின்று, சுவரை ஒட்டி, பதிவு செய்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நகருங்கள்.

செயலிக்குப் பணம் கட்டுவதாக முடிவானால் ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: சந்தாவை நிறுத்தினால், போட்டோக்கள் உட்பட எல்லாப் பதிவும் திறந்து பார்க்கக்கூடிய கோப்பாகக் கைக்கு வர வேண்டும். கட்டடம் ஒப்படைத்து இரண்டு வருஷம் கழித்து யாராவது ஒரு தேதியைக் குறிப்பிட்டுக் கேட்டால், நீங்கள் வேறு சைட்டுக்குப் போயிருப்பீர்கள், இந்த சந்தாவும் முடிந்திருக்கும்.